16 பாட் டிக்கெட்டும் ஒரு நைலான் கயிறும்

எங்கள் படகு துறையை நெருங்குவதை விசில் சத்தம்தான் முதலில் சொல்லும். பாங்காக்கில் சாவோ பிரயா ஆற்றில் ஓடும் எக்ஸ்பிரஸ் படகு நீளமானது, ஒல்லியானது. ஓட்டுபவர் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஆனால் படகின் பின்புறத்தைத்தான் துறையோடு அணைக்க வேண்டும், ஏறுவதும் இறங்குவதும் அங்கேதான். அவருக்கோ பின்னால் நடப்பது தெரியாது. அதனால் பின்பக்க விளிம்பில் ஒரு பையன் கையில் கயிற்றோடு நிற்பான், வாயில் விசில். அவன் ஊதுவதை வைத்துத்தான் முன்னாலிருப்பவர் படகைத் திருப்புகிறார், எஞ்சினைப் பின்னுக்குப் போடுகிறார், நிறுத்துகிறார். நீளமாக ஒன்று, வெட்டி வெட்டி இரண்டு, நடுங்கி நடுங்கி ஒன்று என்று வகைவகையாக ஊதுவான். யாரும் எனக்கு அர்த்தம் சொல்லித் தரவில்லை. இத்தனை வருடம் கேட்டதில், எந்த விசிலுக்குப் பிறகு படகு முட்டும், எதற்குப் பிறகு கம்பியை விடலாம் என்று உடம்புக்கே தெரிந்துவிட்டது.

முட்டும் அந்தக் கணத்தில் பையன் துறைக்குத் தாவி, கயிற்றை இரும்புக் குற்றியில் இரண்டு சுற்று சுற்றி இழுத்துப் பிடிப்பான். முடிச்சு போட மாட்டான், நேரம் இருக்காது. கயிறு முறுகும், துறையில் கட்டிய லாரி டயர்கள் முனகும். அரை நிமிடத்துக்குள் முப்பது நாற்பது பேர் இறங்கி, அதே அளவு பேர் ஏறிவிடுவார்கள். பிறகு ஒரு நீள விசில், ஒரு தாவல், படகு போய்விடும். தினமும் பார்க்கிறேன். இன்றைக்கும் அந்தத் தாவலைப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

நான் திருச்சிக்காரி. காவிரிக்குப் பக்கத்தில் பிறந்தவள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் என் நினைவில் இருக்கும் காவிரி பாதி வருடம் மணல். அம்மா மண்டபம் படித்துறையில் கடைசிப் படி வரை இறங்கி, அதற்கு அப்புறமும் மணலில் நடந்து போய்க் கால் நனைத்த கோடைகள் உண்டு. 2010இல் வேலைக்காக பாங்காக் வந்தபோது, வருடம் முழுக்கக் கரை தொட்டு ஓடும் ஆற்றைப் பார்த்து நெஞ்சு அடைத்தது. தாய் மொழியில் ஆற்றுக்கு ‘மே நாம்’ என்று பெயர். ‘மே’ என்றால் அம்மா, ‘நாம்’ என்றால் தண்ணீர். அதைத் தெரிந்துகொண்ட அன்று ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். “நாமும் காவிரித்தாய்னுதானே சொல்றோம், இதுல என்ன அதிசயம்” என்றாள்.

இப்போது நான் இருப்பது நோந்தபுரியில். பாங்காக்கை ஒட்டி வடக்கே இருக்கும் ஊர். பெயரை அவர்கள் எழுத்தில் எழுதினால் அப்படியே நம் நந்தபுரி. டுரியான் பழத்துக்குப் பேர் போனது. வீட்டிலிருந்து துறைக்கு மோட்டார்சைக்கிள் டாக்ஸி. ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொண்டு சந்து முனையில் வரிசையாக நிற்பார்கள், ‘வின்’ என்று சொல்வோம். என்னைப் பார்த்ததும் எங்கே என்று கேட்காமலே வண்டியைக் கிளப்பும் ஒரு அண்ணன் இருக்கிறார். அவரை நான் ‘பீ’ என்று கூப்பிடுவேன். அக்காவுக்கும் அண்ணனுக்கும் இந்த மொழியில் அந்த ஒரே சொல்தான். காலையில் சந்தைச் சாமான் ஏற்றிய தள்ளுவண்டிகளுக்கு நடுவே நெளிந்து, மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இறக்கி விடுவார். அங்கிருந்து ஆறு.

ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு எனக்கு. இங்கே படகுகளைக் கொடியின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண்பது. மஞ்சள் கொடி வேகமானது, குறைவான துறைகளில் நிற்கும். ஆரஞ்சு அதைவிடக் கூடுதலான துறைகளில் நிற்கும். எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் 16 பாட், நம் பணத்தில் 40 ரூபாய் சொச்சம். நடத்துநர் பெரும்பாலும் பெண்தான். கையில் ஒரு அடி நீள உலோகக் குழாய், நீளவாக்கில் பிளந்து திறக்கும். உள்ளே ஒரு பக்கம் சில்லறைக் காசு, இன்னொரு பக்கம் டிக்கெட் சுருள். அதை டப்டப் என்று தட்டித் தட்டி மூடித் திறந்துகொண்டே வருவார். அந்தச் சத்தமே ‘டிக்கெட், டிக்கெட்’ என்று கேட்பது. காசை வாங்கி, அதே குழாயின் விளிம்பில் டிக்கெட்டைக் கிழித்துத் தருவார். படகு எவ்வளவு ஆடினாலும் அவருக்குப் பிடிமானம் தேவைப்பட்டதே இல்லை. இடுப்பை ஒரு இருக்கையில் சாய்த்துக்கொள்வார், அவ்வளவுதான்.

பின்பக்கம் புத்த பிட்சுகளுக்கு என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கும். பெண்கள் அவர்கள் மேல் படக்கூடாது என்பது இங்கே வழக்கம். காலை நெரிசலில் நூறு பேர் முட்டி மோதும்போதும் அந்தக் காவித் துணிகளைச் சுற்றி ஒரு சாண் காற்று மட்டும் அப்படியே இருக்கும். யாரும் யாரையும் அதட்டி அந்த இடத்தை உண்டாக்குவதில்லை.

வழியில் தேவேத் துறை. கெளுத்தி மாதிரி மீசை வைத்த மீன்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றின் மேல் ஒன்று புரளும். கோயில்களின் பக்கத்தில் மீன் பிடிக்க மாட்டார்கள், அதனால் பயமில்லாமல் பெருத்துக் கிடக்கும். ரொட்டி வாங்கிப் போடுபவர்கள் படகைத் தவறவிட்டாலும் கவலைப்படுவதில்லை. அப்புறம் வாங் லாங். சிரிராஜ் மருத்துவமனைக்கான துறை அது. கையில் எக்ஸ்ரே உறையோடு எழுந்து நிற்கும் பெரியவர்களைப் பார்த்ததுமே கூட்டம் விலகி வழிவிடும். அடுத்து அரண்மனைப் பக்கம், வாட் அருண் கோயிலின் கோபுரம் எதிர்க்கரையில். சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போக, படகு சற்றே சாயும். தினமும் போகிறவர்கள் கண்ணைத் திறக்காமல் தூங்குவார்கள். நான் மட்டும் கண் திறந்து பார்த்துவிட்டுத்தான் மூடுவேன். 1932இல் திறந்த நினைவுப் பாலத்தை ஒட்டிப் பூச்சந்தை. காற்று வாகாக அடித்தால் மல்லிகை வாசனை படகுக்குள் வரும். இவர்கள் மல்லிகையைத் தலையில் வைப்பதில்லை, சாமிக்கும் வண்டியின் முன் கண்ணாடிக்கும் மாலையாகக் கட்டுவார்கள். அந்த வாசனை வந்த நாளெல்லாம் என் கை தானாகப் பின்னந்தலைக்குப் போகும்.

ராச்சவோங்கில் சீனக் கடைத்தெருக்காரர்கள் இறங்கிய பிறகு படகு காலியாகும். நான் ஓரியண்டல் துறையில் இறங்குவேன். மொத்தம் ஒரு மணி நேரம், சில நாள் பத்து நிமிடம் கூட ஆகும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் கூடியது என் நினைவில் மிக அரிது. அதே தூரத்தைச் சாலையில் போனால், மழை நாளில் இரண்டு மணி நேரம் என்பது சாதாரணம். ‘ரொத் தித்’ என்பார்கள், வண்டி ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். பசை தடவினாற்போல நிற்கும் அந்த வரிசையைப் பாலத்துக்குக் கீழே கடந்து போகும்போது, ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளும் ஒரு முகம் தெரியும்.

இந்த ஊர் எப்படி இந்தச் சாலைகளுக்குள் மாட்டிக்கொண்டது என்பதைப் பல வருடமாகத் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஆற்றின் மேல் பாசம் கூடியது. நான் போகும் ஆறு முழுவதும் இயற்கையாக ஓடிய ஆறு கிடையாது. சாவோ பிரயா பழைய காலத்தில் இங்கே பெரிய பெரிய வளைவுகளாகச் சுற்றி ஓடியது. கடலிலிருந்து அப்போதைய தலைநகரமான அயுத்தயாவுக்குப் போகும் கப்பல்கள் அந்த வளைவுகளில் நேரத்தைத் தொலைத்தன. 16ஆம் நூற்றாண்டில் சைராச்சா என்ற அயுத்தயா மன்னர் ஒரு வளைவின் கழுத்தில் குறுக்கே கால்வாய் வெட்டினார். ஆறு அந்தக் குறுக்கு வழியையே தன் வழியாக எடுத்துக்கொண்டது. பழைய ஆறு சுருங்கி, பாங்காக் நொய், பாங்காக் யாய் என்ற கால்வாய்களாகிவிட்டது. வாட் அருணுக்கும் அரண்மனைக்கும் நடுவே எல்லோரும் படம் எடுக்கும் அந்த அகன்ற ஆறு மனிதர் மண்வெட்டியால் தொடங்கியது. 1636இல் இதே போல நோந்தபுரியிலும் ஒரு வளைவை வெட்டினார்கள். என் படகு புறப்படும் நீரும் அப்படி வந்ததுதான்.

1782இல் தலைநகரம் இங்கே வந்தபோதும் தெரு என்றால் தண்ணீர்தான். ஊர்ப் பெயர்களில் வரும் ‘பாங்’ என்பது நீர்க்கரைக் கிராமம். ‘தா’ என்பது துறை. நம் மயிலாடுதுறை, கீழக்கரை மாதிரி இவர்களுக்கு ஊருக்கு ஊர் துறையும் கரையும். மக்கள் மிதக்கும் வீடுகளில் இருந்தார்கள், கடை மிதந்தது, சந்தை மிதந்தது. 1855க்குப் பிறகு ஐரோப்பியர்கள் நிறைய வந்தார்கள். மாலையில் குதிரை வண்டியில் காற்று வாங்கப் போக ஒரு சாலைகூட இல்லை, அதனால் உடம்பு கெடுகிறது என்று மன்னர் மோங்குட்டிடம் விண்ணப்பித்தார்கள். 1862 முதல் 1864 வரை சரோன் குருங் சாலை போடப்பட்டது. நான் ஓரியண்டல் துறையிலிருந்து நடந்து குறுக்கே கடக்கும் சாலை அதுதான். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கால்வாய்களைத் தூர்த்துச் சாலையாக்கினார்கள். நான் வேலை பார்க்கும் சீலோம் சாலையின் ஓரத்திலும் ஒரு காலத்தில் கால்வாய் ஓடியது. டிராம் வந்தது, 1968இல் அதுவும் போனது. கார் வந்தது, போகவே இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம்கூட முழுதாக இல்லாத சேற்று நிலம் இது. இங்கே தண்ணீரின் இடத்தைக் காருக்குக் கொடுத்தது பெரிய தவறு என்று நான் நம்புகிறேன். மழை பெய்த மாலையில் சீலோம் சாலையில் முழங்கால் தண்ணீரில் நிற்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

தூர்க்காமல் விட்ட கால்வாய்களில் பெரியது சேன் சேப். இந்த ஊரில் என் முதல் இரண்டு வருடமும் அதன் மேல்தான் கழிந்தன. அப்போது நான் ராம்காம்ஹேங் பக்கம் ஒரு சிறிய அறையில் இருந்தேன், வேலை அசோக்கில். இடையே சாலை இருந்தது, பேருந்தும் இருந்தது. ஆனால் கால்வாய்ப் படகில் போனால் பேருந்து நேரத்தில் பாதிகூட ஆகாது.

மூன்றாம் ராமா மன்னர் காலத்தில், 1837இலிருந்து 1840 வரை வெட்டிய கால்வாய் அது. கம்போடியாவை முன்வைத்து வியட்நாமோடு நடந்த போருக்குப் படையும் தளவாடமும் அனுப்ப வெட்டினார்கள். பயணிகள் படகு 1990இல்தான் தொடங்கியது. ஆற்றுப் படகு பார்த்துவிட்டு இதில் ஏறுபவர்கள் திகைத்துப் போவார்கள். கால்வாய் குறுகலானது, தண்ணீர் கறுப்பு, நாற்றம் உண்டு. படகுக்கு வாசல் கிடையாது. பக்கவாட்டு விளிம்பின் மேல் காலைத் தூக்கி வைத்து உள்ளே குதிக்க வேண்டும். நடத்துநர்கள் படகின் வெளி விளிம்பில், ஒரு பாத அகலத்தில் நடந்து வந்து காசு வாங்குவார்கள், தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு. பாலங்கள் அவ்வளவு தாழ்வு. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறினால் கூரையையே கீழே இறக்கிக்கொண்டு படகு பாலத்துக்கு அடியில் நுழையும், உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சொல்லாமலே தலை குனிவோம்.

அந்தப் படகில் இரண்டு வகைக் கயிறு உண்டு. ஒன்று கூரை ஓரமாகத் தொங்குவது, ஏறும்போது பிடித்துக்கொள்ள. இன்னொன்று ஓரத்தில் உட்காருபவரின் பொறுப்பு. பக்கவாட்டில் நீளமாக ஒரு தார்ப்பாய் கட்டியிருக்கும். எதிர்ப்படகு கடந்தால் அந்தக் கறுப்புத் தண்ணீர் எழும்பி முகத்தில் அடிக்கும். அதற்கு முன் ஓரத்து ஆள் நைலான் கயிற்றை இழுத்தால் தார்ப்பாய் மேலே ஏறும். துறை வந்ததும் இறக்க வேண்டும், இல்லையென்றால் யாரும் இறங்க முடியாது. கிளம்பியதும் திரும்ப இழுக்க வேண்டும். இது யாருடைய வேலை என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்தால் உன் வேலை, அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளை ஆனாலும், கோட் போட்ட வங்கி அதிகாரி ஆனாலும் கை தானாகக் கயிற்றுக்குப் போகும். ஒருவர் கை வலித்தால் பின்னால் இருப்பவர் எட்டிப் பிடிப்பார். வேலைக்குப் போகும் வழியில் முன்பின் தெரியாத நாற்பது பேர் நனையாமல் இருக்க நான் கயிறு இழுத்தேன் என்பது, மொழி தெரியாமல் திணறிய அந்த நாட்களில் எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இப்போது சொன்னாலும் தொண்டை கனக்கிறது. அலுவலகத்தில் என்னால் ஒரு வாக்கியம் சரியாகப் பேச முடியாது. படகில் நான் அந்த ஊர்க்காரி.

2012 மழைக்காலத்தில் ஒரு மாலை. அசோக் துறை, பலகை வழுவழு என்று நனைந்திருந்தது. எனக்கு முன்னால் ஏறியவர் போனதும் படகு கொஞ்சம் விலகியதை நான் பார்க்கவில்லை. காலை வைத்தேன், அங்கே விளிம்பு இல்லை. துறைக்கும் படகுக்கும் நடுவே ஒரு கால் தொடை வரை இறங்கிவிட்டது. அந்த இடைவெளியில் படகு திரும்பி வந்து முட்டினால் என்ன ஆகும் என்று அந்த நொடியில் தெளிவாகத் தெரிந்தது. கத்தக்கூட வரவில்லை. பின்னாலிருந்து ஒரு கை என் தோள்பையின் வாரை இறுக்கிப் பிடித்தது, முன்னாலிருந்து நடத்துநர் அக்குளில் கை கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே மூச்சில் தூக்கிப் படகுக்குள் போட்டார்கள். முழங்காலில் தோல் உரிந்திருந்தது. ஒரு செருப்பு கால்வாயோடு போனது.

வாரைப் பிடித்தவர் ஐம்பத்தைந்து, அறுபது வயதுப் பெண். ஏதோ அலுவலகத்தில் துப்புரவு வேலை, நீலச் சீருடை. பக்கத்தில் உட்கார வைத்து, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காயத்தைக் கழுவினார். பிறகு இன்னொரு பையைத் துழாவி, தான் வேலை செய்யும்போது போடும் ரப்பர் செருப்பை எடுத்து என் காலடியில் வைத்தார். வேண்டாம் என்று கையாட்டினேன். அவர் கேட்கவில்லை. மேலே தொங்கிய கயிற்றைக் காட்டி, ‘ஜாப் ச்சுவாக்’ என்றார். கயிற்றைப் பிடி. திரும்பவும் சொன்னார், மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல. முதலில் கை, அப்புறம் கால் என்று செய்து காட்டினார். நான் அன்று கற்றுக்கொண்ட இரண்டு தாய் சொற்கள் அவை, இன்றுவரை மறக்கவில்லை. அவரை ‘பா’ என்று கூப்பிட்டேன், பெரியம்மா என்று அர்த்தம். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அதே படகுக்குக் காத்திருந்து, மூன்றாம் நாள்தான் செருப்பைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. கூடவே ஒரு கிலோ ரம்புத்தான் கொடுத்தேன். படகிலேயே உரித்துச் சுற்றியிருந்தவர்களுக்கு எல்லாம் கொடுத்துவிட்டார்.

2011 வெள்ளத்தைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். வடக்கே பெய்த மழை வாரக்கணக்கில் நடந்து நடந்து பாங்காக்கை நெருங்கியபோது, ஆற்றுப் படகுகளை நிறுத்திவிட்டார்கள். துறைகள் மூழ்கியிருந்தன, படகின் அலை கரையோர மணல் மூட்டைகளைத் தள்ளிவிடும். விசில் இல்லாத ஆற்றை அப்போதுதான் முதல் முறை கேட்டேன். ஆகாயத்தாமரை மட்டும் தீவு தீவாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு இங்கே ‘பக் தோப் சவா’ என்று பெயர், ஜாவாக் கீரை. ஐந்தாம் ராமா மன்னர் காலத்தில் ஜாவாவிலிருந்து அழகுக்காக அரண்மனைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த செடி, பிறகு வெளியேறி ஆறு முழுக்கப் பரவிவிட்டது.

2013இல் வேலை மாறி, சீலோம் பக்கம் மகேசாக் சாலையில் ரத்தினக் கற்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்க வந்தேன். அந்தத் தெருவில் நடந்தால் ராஜஸ்தான் பேச்சும் தமிழும் சேர்ந்து காதில் விழும். கொஞ்சம் தள்ளி மாரியம்மன் கோயில், 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த தமிழர்கள் எழுப்பியது. தாய்க்காரர்கள் ‘வாட் கெக்’ என்பார்கள். நவராத்திரி கடைசி நாள் சீலோம் சாலையையே மூடிவிட்டு அம்மன் ஊர்வலம் வரும். தரையெல்லாம் சாமந்தி, நம் ஊர் நாதஸ்வரம், கும்பிடுபவர்களில் பெரும்பாலோர் தாய்க்காரர்கள். அன்று மட்டும் கடைசிப் படகை விட்டுவிட்டு, நள்ளிரவில் டாக்ஸி பிடிப்பேன்.

மற்ற நாளெல்லாம் கடைசிப் படகுதான் என் வேலை நேரத்தை முடிவு செய்கிறது. ஏழு மணியோடு நோந்தபுரிப் படகு நின்றுவிடும். “படகு போய்விடும்” என்று சொன்னால் மேலாளரும் தடுப்பதில்லை. ரயிலில் போகும் சக ஊழியர்கள் ஒன்பது வரை உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு எப்போதும் இன்னொரு ரயில் இருக்கிறது. மாலைப் படகில் இடம் கிடைத்தால் இடது ஓரம் உட்காருவேன். ஆறு வடக்கே போகப் போக ஆரஞ்சாகும். மணல் ஏற்றிய சரக்குப் படகுகள், மூன்று நான்கைச் சேர்த்துக் கட்டி, ஒரு சிறிய இழுபடகு இழுத்துப் போகும். சரக்குப் படகின் பின்புறத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கும். துணி காயும், தொட்டியில் மிளகாய்ச் செடி இருக்கும், ஒரு நாய் கரையைப் பார்த்துக் குரைக்கும்.

ரயிலை நான் குறை சொல்லவில்லை. 1999 டிசம்பரில் மேம்பால ரயில் வந்தது, 2004இல் சுரங்க ரயில். 2016இல் நோந்தபுரிக்கே ஊதா வழித்தடம் வந்தபோது எங்கள் சந்தில் எல்லோருக்கும் சந்தோஷம். புயல் நாளில் நானும் அதில்தான் போகிறேன். ஆனால் என் வீட்டிலிருந்து அலுவலகம் வர இரண்டு முறை மாற வேண்டும், செலவும் படகைப் போல இரண்டு மூன்று மடங்கு. வாங் லாங்கில் இறங்கும் ஆஸ்பத்திரி ஆயாவுக்கும், தேவேத் சந்தைக்குக் கூடை தூக்கிப் போகும் பாட்டிக்கும் அந்த வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாடு. இப்போது குளிர்சாதன வசதியோடு மின்சாரப் படகுகளும் ஓடுகின்றன. புகை இல்லை, சத்தம் இல்லை, நல்ல விஷயம்தான். ஆற்றங்கரையில் பெரிய பெரிய வணிக வளாகங்கள், ஹோட்டல்கள், அவற்றுக்கெல்லாம் மினுமினுக்கும் சொந்தத் துறைகள். எனக்குக் கவலை, பழைய துறைகளின் பலகைகளைப் பார்க்கும்போது வருகிறது. எங்கள் வழியில் ஒரு துறை பழுது பார்ப்பதாகச் சொல்லி மூடியது, மாதக்கணக்கில் மூடியே கிடந்தது. அங்கே ஏறும் ஊன்றுகோல் தாத்தா ஒருவரை அதற்குப் பிறகு படகில் காணவில்லை. திறந்த பிறகும் அவர் வரவில்லை. படகில் கூட்டம் குறைகிறது என்று கணக்குப் பார்த்து ஓட்டங்களைக் குறைத்தால் இன்னும் கூட்டம் குறையும். இதைச் சொல்ல நான் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் யாரும் புதிதாகப் போட வேண்டியிராத ஒரே சாலை ஆறுதான். அதில் 16 பாட் படகு ஓட அரசு கொஞ்சம் காசு போட்டால் என்ன குறைந்துவிடும்?

2019 ஜனவரியில் அம்மா வந்தாள். அறுபத்தெட்டு வயதில் முதல் விமானப் பயணம். தினமும் காலையில் என்னோடு துறை வரை வந்து, விசில் பையன் தாவுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவாள். “பெத்தவ பார்த்தா வயிறு கலங்கிடும்டி” என்பாள், ஆனால் மறுநாளும் வருவாள். ஞாயிற்றுக்கிழமை ராட்சத ஊஞ்சலைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தேன். 1784இல் நட்ட சிவப்பு மரத்தூண்கள், பிறகு புதுப்பித்தவை. மார்கழியை ஒட்டி இங்கே அரண்மனை அந்தணர்கள் ‘த்ரியம்பவாய்’ என்று ஒரு சடங்கு செய்கிறார்கள். பெயரே நம் திருவெம்பாவைதான், ஓதுவதும் அதன் அடிகள்தான், உச்சரிப்பு மட்டும் நூற்றாண்டுகளில் உருமாறியிருக்கிறது. அந்தச் சடங்கில் ஊஞ்சல் ஆடுவதை 1935இல் நிறுத்திவிட்டார்கள். மார்கழி முழுக்கத் திருவெம்பாவை சொல்லும் அம்மாவுக்கு அந்த இடத்தைப் பார்க்காமல் ஊர் திரும்ப மனமில்லை.

“நீ விழுந்தியே, அந்த வழியா போகலாம்” என்றாள். அந்தக் கதையை நான் ஆறு வருடம் மறைத்து, முந்தின வாரம்தான் சொல்லியிருந்தேன். ஆகவே அசோக் துறைக்குப் போனோம். நான் கையைப் பிடிக்க வந்ததைத் தட்டிவிட்டு, புடவையை முழங்கால் உயரம் தூக்கிச் செருகி, மேலே தொங்கிய கயிற்றைப் பிடித்து, ஏறி உட்கார்ந்துவிட்டாள். முதலில் கை, அப்புறம் கால். நான் சொல்லித் தரவில்லை.

உட்கார்ந்தது ஓர இடத்தில். எதிர்ப்படகு வந்தது. அம்மாவுக்கு முன்னால் இருந்த பையன் கயிற்றை இழுப்பதை ஒரு முறைதான் பார்த்தாள். “இதை நாம பிடிக்கணுமா?” என்றாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் கையிலிருந்து அது இறங்கவே இல்லை. துறை வந்தால் தளர்த்தினாள், கிளம்பினால் இழுத்தாள். பிரதுநாமில் படகு மாறினோம், அங்கேயும் போய் ஓரத்திலேயே உட்கார்ந்தாள். பான் குருவாவைக் கடக்கும்போது, பட்டு நெய்யும் சாம் இன முஸ்லிம்களின் இடம் என்று காட்டினேன். அவள் பார்வை எதிரே வரும் தண்ணீர் மேலேயே இருந்தது. பின் இருக்கையில் ஒரு பெண் மடியில் குழந்தையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு முறை திரும்பி அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டுக் கயிற்றை இன்னும் ஒரு சாண் இழுத்தாள்.

கடைசித் துறை பான் ஃபா. எல்லோரும் இறங்கியாயிற்று. ஹெல்மெட் போட்ட நடத்துநர் பையன் விளிம்பில் வந்து குனிந்து, ‘யாய்’ என்று கூப்பிட்டு ஏதோ சொன்னான்.

“என்னடி சொல்றான்?”

“பாட்டி, வந்துட்டோம், விடலாம்கறான்.”

அம்மா கயிற்றை விடவில்லை. மெதுவாகத் தார்ப்பாயை இறக்கி, மிச்சக் கயிற்றை உள்ளங்கையில் சுற்றிச் சுருட்டி, ஊரில் மாடியில் கொடிக்கயிற்றுக்குப் போடுவது போல ஒரு முடிச்சு போட்டுக் கொக்கியில் மாட்டினாள். உள்ளங்கையில் நீலநிறக் கோடு பதிந்திருந்தது. பிறகுதான் எழுந்தாள். பையன் முடிச்சை இழுத்துப் பார்த்தான். அவிழ்க்காமல் அப்படியே விட்டுவிட்டு, அம்மாவுக்குக் கை நீட்டினான்.